புது முட்டியோடு பனிமலைக்கு

சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி வெளியே வந்ததும் என் மகள் சுமதி என் முகத்தைப் பார்க்கவில்லை. முட்டியைத்தான் பார்த்தாள். "நடங்கம்மா, கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்றாள். சந்தையில் மாடு பிடிக்க வருகிறவர்கள் இப்படித்தான் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். நானும் தள்ளுவண்டியை விட்டுவிட்டுப் பத்தடி போய்த் திரும்பி வந்து காட்டினேன். "சூப்பர்ம்மா!" என்று கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை பிரபு பெட்டிகளை வாங்கிக்கொண்டு, "அப்போ இந்த வருஷம் மலைக்குப் போயிடலாமா அத்தை? டாக்டர் என்ன சொன்னார்?" என்றார்.

"சரின்னுட்டாருங்க மாப்பிள்ளை" என்றேன்.

பொய். டாக்டரிடம் நான் இதைக் கேட்கவே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் பின்னால் வருவது படிக்கிறவர்களுக்கு விளங்கும்.

நான் உடுமலைப்பேட்டைப் பக்கம். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், நிதானமாக எழுதுவேன். இங்கிலீஷ் தெரியாது. வீட்டுக்காரர் காலமான மறு வருஷம் சுமதி என்னை ஃப்ரீமான்ட்டில் அவள் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அதிலிருந்து குளிர்காலத்தில் இங்கே, வெயில் காலத்தில் ஊரில் என்று என் காலம் ஓடுகிறது.

இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பனி விழ ஆரம்பித்ததும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து டாஹோ ஏரிப் பக்கம் மலையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சறுக்கப் போவார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாக்களையும் கூட்டிப் போவார்கள். தனியாக விட்டுப் போக மனசு வராது. மலையடியில் பெரிய சாப்பாட்டுக் கூடம் ஒன்று இருக்கும். லாட்ஜ் என்பார்கள், நம் ஊர் லாட்ஜ் இல்லை. அங்கே ஒரு மேஜையைப் பிடித்து, எல்லோருடைய பைகளையும் போட்டு, நடுவில் அம்மாவை உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். புளிசாதம், பால் பிளாஸ்க், மாற்றுச் சாக்ஸ், செருப்பு எல்லாம் அவள் பொறுப்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சனம் பறந்துகொண்டிருக்கும். இந்தப் பக்கம் அவள் பை பார்த்துக்கொண்டிருப்பாள்.

முதல் வருஷம் நானும் இரண்டு நாள் அப்படி உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் கால் மரத்துப்போய் வெளியே வந்து நின்றேன். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மாள், என்னைவிட மூத்தவள், கையைக் காட்டி வா என்றாள். நானும் போய்விட்டேன். ஏன் போனேன் என்று இன்றுவரை தெரியாது. காலில் மாட்டும் இரண்டு பலகைகளின் முன்நுனியைச் சேர்த்துப் பின்பக்கத்தை அகட்டினால் நிற்கும், நேராக வைத்தால் ஓடும். இதற்கு இங்கிலீஷ் வேண்டியிருக்கவில்லை. அவள் செய்ததைப் பார்த்துச் செய்தேன். நான்கு குளிர்காலம் போனேன். அங்கே சரிவுகளுக்குச் சுலபம் என்றால் பச்சை, அதற்கு மேல் நீலம், பிறகு கறுப்பு என்று பெயர். பச்சை எல்லாம் இறங்கினேன். ஒரு நீலமும் இறங்கினேன். பதினெட்டு வயதில் கல்யாணமாகி வந்ததிலிருந்து என் உடம்பு ஒரு வேலைக்கும் இல்லாமல், யாருக்காகவும் இல்லாமல், சும்மா வேகமாகப் போனது அங்கே மட்டும்தான்.

ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சுமதி போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப்பில் போடப் பார்த்தாள். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். புருஷன் போன பொம்பளை கால்சட்டை மாட்டிக்கொண்டு பனியில் விளையாடுகிறாள் என்று என் தம்பி வீட்டில் பேசுவார்கள். அது எனக்குத் தேவையில்லை.

பிறகு வலது முட்டி தேய்ந்துபோய்விட்டது. இங்கே இன்சூரன்ஸ் இல்லாததால் கோயம்புத்தூரில் ஆபரேஷன். அதற்கு முன்னால் டாக்டர் நல்ல கேள்வியாகத்தான் கேட்டார். "முட்டி மாத்தினதுக்கு அப்புறம் என்னென்ன செய்யணும்னு ஆசைப்படறீங்கம்மா?"

நான் வாயைத் திறக்குமுன் தம்பி முந்திக்கொண்டான். "அக்காவுக்கு என்னங்க டாக்டர், கோயில்ல நாலு படி ஏறி இறங்கினாப் போதும்."

தம்பி ஒரு பக்கம், நாத்தனார் ஒரு பக்கம். நான் தலையாட்டினேன். வீட்டுக்குப் போகும்போது செய்யக் கூடாதவை என்று ஒரு தாள் கொடுத்தார்கள். தரையில் சம்மணம் போடக் கூடாது, குத்த வைக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. இரண்டு முறை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பனிச்சறுக்கு அதில் இல்லை. இல்லாததால் செய்யலாம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒன்றே கால் வருஷம் தினமும் காலை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்தேன். எல்லாரும் கோயில் படிக்கு என்று நினைத்தார்கள்.

மலைக்குக் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு குடும்பம் தனி வண்டிகளில் முன்னால் போய்விட்டார்கள். எங்கள் வண்டியில் நாங்கள் மூன்று பேர், ரைஸ் குக்கர், இட்லி மாவு, புளிக்காய்ச்சல், இரண்டு நாளைக்குச் சப்பாத்தி. சாக்ரமென்டோ தாண்டும்வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுபோல் ஒரு காற்று, அவ்வளவுதான். அப்புறம் மலை ஏற ஏற மழை பனியாக மாறியது. பழனிக்குப் பாதயாத்திரை போகும் தைப்பூச நாளில் ரோடு எப்படி இருக்குமோ அப்படி வண்டிகள். மஞ்சள் கோட்டு ஆட்கள் ஒவ்வொரு வண்டியாக நிறுத்தி, சக்கரத்துக்குச் சங்கிலி கட்டினால்தான் மேலே விடுவோம் என்றார்கள்.

மாப்பிள்ளை பெருமையாக டிக்கியைத் திறந்து சங்கிலியை எடுத்தார். பனியில் மல்லாந்து படுத்து அரை மணி நேரம் போராடினார். சங்கிலி சக்கரத்தைச் சுற்றி வரவே இல்லை. ஒரு சாண் குறைந்தது. மஞ்சள் கோட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது வேறு அளவு. இந்தச் சங்கிலி இந்த வண்டிக்குச் சேராது" என்றாராம்.

சுமதி கண்ணாடியை இறக்கினாள். "எந்த கார்க்கு வாங்கினது பிரபு இது?"

"பழைய கார்க்கு."

"அந்த காரை வித்து எட்டு மாசம் ஆச்சு. சங்கிலியை மட்டும் ஞாபகார்த்தமா வெச்சிருந்தியா?"

"சைஸ் மாறும்னு யாருக்குத் தெரியும்?"

"சட்டை வாங்கறப்போ மட்டும் அளவு பாக்கறே இல்ல?"

மகளும் மருமகனும் பேசும்போது நடுவில் போகிற வழக்கம் எனக்கு இல்லை. வண்டியைத் திருப்பி, கீழே ஒரு சின்ன ஊரில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். அங்கே சங்கிலி கிடைத்தது, கட்டத்தான் தெரியவில்லை. முட்டி விறைத்துவிடக் கூடாதே என்று நான் பங்கைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஏழு சுற்று நடந்திருப்பேன். லாரிக்குச் சங்கிலி கட்டிக்கொண்டிருந்த ஒரு சர்தார்ஜி என்னைப் பார்த்து, "மாதாஜி, பிரதட்சிணமா?" என்று ஹிந்தியில் கேட்டார். அந்த ஒரு சொல்லால் எனக்குக் கேள்வி முழுவதும் புரிந்துவிட்டது. சிரித்தேன். அவரே வந்து பத்து நிமிஷத்தில் எங்கள் நான்கு சக்கரங்களுக்கும் கட்டிவிட்டார். காசு வாங்கமாட்டேன் என்றார். ஒரு டப்பா புளிசாதம் கொடுத்தேன். நின்றபடியே ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, மாப்பிள்ளையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். "என்ன சொல்றாரு?" என்றேன். "நல்லா இருக்காம் அத்தை. காரம்தான் பத்தலையாம்" என்றார்.

நான்கு மணி நேரத்தில் போக வேண்டிய இடத்துக்கு ஒன்பது மணி நேரம் ஆயிற்று. இறங்கும்போது கால் கட்டையாக இருந்தது. நன்றாக நடப்பதுபோல் காட்டிக்கொண்டே படி ஏறினேன். அந்த உயரத்தில் தண்ணீர் கொதித்தாலும் சூடு போதாது. பிரஷர் குக்கரையும் கொண்டுவந்த சுமதி அதன் விசில் குண்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். பருப்பு இரண்டு மணி நேரம் கொதித்தும் கல்லுக் கல்லாகவே கிடந்தது. இட்லி ஊற்றிச் சமாளித்தோம்.

மறுநாள் காலை பூட்ஸும் பலகையும் வாடகைக்கு எடுக்கும் கடை. உயரம், எடை, வயது மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். விழும்போது பூட்ஸ் எவ்வளவு இழுத்தால் பலகையிலிருந்து கழன்று வர வேண்டும் என்று அதை வைத்துத்தான் பலகையில் உள்ள திருகாணியைத் திருகுவார்கள்.

மாப்பிள்ளை பேனாவோடு நின்றார். "அத்தை, வயசு எதைப் போடறது? பாஸ்போர்ட் வயசா, நெஜ வயசா?" பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் வாய்க்கு வந்த ஒரு தேதியைப் போட்டுவிட்டார். பாஸ்போர்ட்டில் நான் மூன்று வயது இளையவள்.

"நெஜத்தைப் போடுங்க மாப்பிள்ளை. இது சர்க்காருக்கு இல்ல, காலுக்கு" என்றேன். பக்கத்தில் நின்ற நம்மூர்ப் பையன்கள் சிரித்துவிட்டார்கள்.

பூட்ஸ் இரும்புப் பெட்டிபோல் இருக்கும். முன்பெல்லாம் நானே காலை நுழைத்து ஒரு மிதி மிதிப்பேன். இப்போது அந்த அளவுக்கு முட்டி மடங்கவில்லை. குதிகால் பாதியில் நின்றுகொண்டது. தாடிக்காரர் ஒருவர் தரையில் உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் அழுத்தினார். அந்நிய ஆம்பிளை என் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. 'டக்' என்று குதிகால் இறங்கியது. "போயிடுச்சு!" என்று சுமதி கை தட்டினாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதுதான் அன்றைக்குக் கடைசியாக வந்த சந்தோஷம்.

இல்லை, இன்னும் ஒன்று இருந்தது. கற்றுக்கொள்கிறவர்களுக்கான இடத்தில், நிற்கிற ஆளை அப்படியே மேலே கொண்டுபோகும் ஓடும் பாயில் ஏறிப் போய், தென்னந்தோப்பு வரப்பு அளவு சரிவில் மூன்று முறை இறங்கினேன். கால் எதையும் மறக்கவில்லை. அகட்டினேன், நின்றது. முட்டி வலிக்கவில்லை. "அம்மா, பார்த்தீங்களா, அப்படியே இருக்கீங்க! வாங்க, நம்ம பச்சைக்குப் போலாம்" என்றாள் சுமதி.

மேலே போவதற்குத் தொங்கும் நாற்காலி. பழனி ரோப் காரில் கதவு இருக்கும், இதில் ஒரு கம்பிதான். இறங்கும் இடத்தில் எழுந்து சறுக்கி விலக வேண்டும். அதையும் செய்தேன். விலகி, சரிவின் விளிம்புக்கு வந்து நின்றேன். ஐம்பது முறையாவது இறங்கிய சரிவு. கீழே லாட்ஜின் கூரை தெரிந்தது. வலது பக்கம் மூன்று பைன் மரங்கள், அங்கே ஒரு திருப்பம், அப்புறம் நேராக வீதிபோல் அகலம்.

"நீங்க முன்னாடி போங்கம்மா, நான் பின்னாடியே வர்றேன்."

கையில் இருந்த சறுக்குக் கோலை ஊன்றினேன். தள்ளவில்லை.

என் கை தள்ளவில்லை. தள்ளு என்று நான் சொல்கிறேன், கை கேட்கவில்லை. முட்டியைத்தான் பார்த்தேன். கனமான கால்சட்டைக்குள் அது தெரியவில்லை. அந்தத் துணிக்கு அடியில் என் எலும்பு இல்லை என்று அப்போதுதான் முதல் முறையாக நினைத்தேன். அறுத்து எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அது எங்கே போயிற்று என்றுகூட நான் கேட்கவில்லை. விழுந்தால் உலோகம் என்ன ஆகும், திரும்பவும் அறுப்பார்களா, திரும்பவும் அந்த மூன்று மாதமா, சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்குப் போன அந்த நாட்களா? காதில் சுமதி பேசுவது கேட்டது, என்ன பேசுகிறாள் என்பது கேட்கவில்லை.

எத்தனை நேரம் நின்றேனோ. சனம் இரண்டு பக்கமும் விலகி இறங்கிப் போயிற்று. சுமதி முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்தாள். பயந்துபோய், "முட்டியாம்மா? முட்டி வலிக்குதா?" என்றாள்.

நான் பயந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமா" என்றேன்.

அவள் இரண்டு கோல்களையும் தலைக்கு மேல் குறுக்கே பிடித்தாள். அது உதவி வேண்டும் என்பதற்கு அடையாளம். வெள்ளைச் சிலுவை போட்ட சிவப்புக் கோட்டில் ஒரு பெண் வந்தாள். பின்னால் ஒரு சறுக்கு வண்டி வந்தது. என்னை அதில் படுக்க வைத்தார்கள். காலுக்கு இரண்டு பக்கமும் மெத்தை வைத்துக் கட்டினார்கள். கம்பளியால் கழுத்துவரை மூடினார்கள். வயிற்றின் மேல் ஒரு பட்டை, நெஞ்சின் மேல் ஒரு பட்டை. முகம் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் குனிந்து ஏதோ சொன்னாள். சுமதி எனக்குச் சொன்னாள். "பயப்பட வேண்டாம்னு சொல்றாங்கம்மா. இவங்க அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் மாத்தியிருக்காம், இன்னும் ஸ்கீ பண்றாங்களாம்."

ஆறுதலாகத்தான் சொன்னாள் பாவம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தச் சரிவில் நான் கடைசியாக இறங்கியது அப்படி. மூன்று பைன் மரங்கள் தலைகீழாகப் போயின. சறுக்குகிறவர்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். ஒருவர் தொப்பியைத் தொட்டார். ஊரில் பாடை போகும்போது கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்களே, அந்த மரியாதை. இந்த மரியாதையை உயிரோடு வாங்கிக்கொண்டவள் நான்.

கீழே முதலுதவி அறையில் அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். இங்கே வலிக்கிறதா? ஆமாம். இங்கே? ஆமாம். எங்கே கேட்டாலும் ஆமாம் என்றேன். தழும்புக்கு வெளிப்பக்கம் தோல் ஆபரேஷனிலிருந்தே மரத்துப்போய்க் கிடக்கிறது, அங்கே தொட்டால் எனக்குத் தெரியவே தெரியாது. அங்கேயும் ஆமாம் என்றேன். வீக்கம் இல்லை, ஓய்வு எடுக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

சுமதி என்னை லாட்ஜில் ஒரு மேஜையில் உட்கார வைத்துவிட்டுக் காப்பி வாங்கப் போனாள். எதிரே ஓர் அம்மாள். யாழ்ப்பாணம் என்று பேச்சிலேயே தெரிந்தது. அவரைச் சுற்றிப் பைகள்.

"நீங்களும் காவலோ?" என்றார்.

"இல்லைங்க, நான் சறுக்க வந்தவ" என்றேன். அந்த நிலைமையிலும் அப்படித்தான் வந்தது.

"உண்மையாவோ! நான் பதினொரு பைக்குக் காவல். ஒரு கையுறை வேணுமெண்டாலும் என்னட்டத்தான் வரவேணும். முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில பிள்ளையளை மேய்ச்சனான், இப்ப பைகளை மேய்க்கிறன். பைகள் சத்தம் போடாது, அது ஒண்டுதான் நிம்மதி" என்று சிரித்தார். பனங்கட்டி என்று அவர்கள் ஊர்க் கருப்பட்டி ஒரு துண்டை உடைத்து என் பக்கம் தள்ளினார். நல்ல மனுஷி. எனக்கு அவரோடு சேர்ந்து சிரிக்க முடியவில்லை. நான்கு குளிர்காலம் இந்த மாதிரி அம்மாக்களை வெளியிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்து, ஐயோ பாவம் என்று நினைத்துக்கொண்டே போனவள் நான்.

சாயங்காலம், இருட்ட ஆரம்பித்த நேரம், கோயம்புத்தூரில் காலை. சுமதி என்னைக் கேட்காமலே டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டிருந்தாள். அவரே வீடியோவில் கூப்பிட்டுவிட்டார். காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"என்னம்மா, எப்படி இருக்கீங்க? முட்டி வலிக்குதுன்னு பொண்ணு எழுதியிருக்காங்க. எங்க, மடக்குங்க பாக்கலாம்."

மடக்கினேன்.

"நீட்டுங்க. சரி, அந்தக் கால்ல மட்டும் நில்லுங்க. நாற்காலியைப் பிடிக்காம."

நின்றேன். மகளும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்குதுங்களேம்மா! வீக்கமில்ல, ஒண்ணுமில்ல. என்ன பண்ணினீங்க, விழுந்தீங்களா?"

சுமதிதான் பதில் சொன்னாள். "விழல டாக்டர். ஸ்கீயிங். நீங்க ஓகே சொன்னதாலதான் கூட்டிட்டு வந்தோம்."

"நானா? எதுக்கு? பனிச்சறுக்கா?" டிரைவரும் திரும்பிப் பார்த்திருப்பார்போல, டாக்டர் ஒரு பக்கம் கையைக் காட்டி "நீ ரோட்டைப் பாருப்பா" என்றார். அப்புறம், "எங்கிட்ட யாரும் கேக்கலையேம்மா. உங்க தம்பி கோயில் படி போதும்னாரு, நீங்களும் சரின்னீங்க."

சுமதி என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தேன். இந்த வயசில் இதெல்லாம் ஆகாது என்று திட்டுவார், அதோடு இது முடியும், டாக்டர் தடுத்துவிட்டார் என்று சாகும்வரை சொல்லிக்கொள்ளலாம். அதற்காக அப்போது நான் சாமியைக்கூட வேண்டினேன்.

டாக்டர் சிரித்தார். சந்தோஷமாகச் சிரித்தார். "எத்தனை வருஷமா பண்றீங்க? நாலு வருஷமா! அடேங்கப்பா. புதுசாக் கத்துக்கறேன்னு வந்தாத்தான் நான் வேண்டாம்பேன். தெரிஞ்சவங்க லேசான சரிவுல தாராளமாப் போலாம்மா. முன்னாடியே சொல்லியிருந்தா அதுக்குத் தகுந்த பயிற்சியும் குடுத்திருப்பேனே! ஆபரேஷன் ஆனவங்க எல்லாருக்கும் விழுந்துடுவோமோன்னு பயம் வரும், அது தெளியறதுக்குன்னே ஒரு பயிற்சி இருக்குது. இதுக்கு எதுக்குங்க வெக்கம்?"

போன் அணைந்தது. மாப்பிள்ளை ஹீட்டரைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டார். சுமதி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "தோசை ஊத்தட்டுமாம்மா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வானம் நீலமாகத் திறந்து கிடந்தது. எல்லாரும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கதவருகே பலகைகளோடு நின்றார்கள். நண்பர்களில் ஒருவர், "ஆன்ட்டி, கிளம்பலியா? டாக்டரே ஓகே சொல்லிட்டாராமே, பிரபு சொன்னான்" என்றார்.

என் கால்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு காலை நுழைத்தால் போதும். ஒரு வார்த்தை சொன்னாலும் போதும், எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு, நீ முன்னால் போ, என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போ என்று. என் மகள் பிடித்திருப்பாள். நாள் முழுக்க ஓடும் பாயிலேயே என்னோடு நின்றிருப்பாள். அது எனக்குத் தெரியும். கதவருகில் அத்தனை பேர் நிற்கிறார்கள். கையைப் பிடித்துக் கூட்டிப் போகும்படி நான் யாரிடமும் கேட்டதில்லை, புருஷனிடமும் கேட்டதில்லை.

சுமதி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். என் முன்னால் மண்டியிட்டாள். என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, எல்லாம் தெரிந்தவளாகக் கேட்டாள். "முட்டி இன்னும் வலிக்குதாம்மா?"

"வலிக்குது சாமி" என்றேன்.

"சரி" என்று எழுந்தாள். வெளியே போய் ஒரு பிளாஸ்டிக் பையில் பனியை அள்ளிக்கொண்டு வந்தாள். என் முட்டியில் வைத்துத் துண்டால் சுற்றிக் கட்டினாள். நல்ல முடிச்சாகப் போட்டாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அம்மாவுக்கு இன்னைக்கு ரெஸ்ட்" என்றாள்.

லாட்ஜில் அதே மேஜை. பிளாஸ்க் வந்தது, புளிசாதம் வந்தது, பைகள் ஒவ்வொன்றாக வந்தன. யாழ்ப்பாணத்து அம்மாள் தன் பைகளைத் தள்ளி இடம் விட்டார். என் காலை ஒரு நாற்காலியில் தூக்கி வைக்கச் சொல்லி, தன் சால்வையை மடித்து அடியில் கொடுத்தார்.

"நல்லா நோகுதோ பிள்ளை?" என்று கேட்டார். யாரும் பக்கத்தில் இல்லை. என்னை இனிமேல் அவர் பார்க்கப் போவதும் இல்லை. அவரிடமாவது சொல்லியிருக்கலாம்.

"ஆமாங்க. ரொம்ப" என்றேன்.

பனி கரைந்து சேலை நனைந்தது. துண்டை அவிழ்க்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முட்டி வலிக்கவே இல்லை.